நூற்றுப்பத்து வோல்ட் இஸ்திரிப் பெட்டியும் மச்சானின் வெள்ளைக் கோட்டும்

கணக்கே தெரியாதவனால் வீட்டுக்கு ஆபத்து கிடையாது. அவன் நாலு பேரைக் கேட்டுக் காரியத்தை முடித்துக்கொள்வான். கணக்கை நன்றாகக் கரைத்துக் குடித்தவனாலும் ஆபத்து இல்லை. நடுவில் ஒருவன் இருக்கிறானே, சூத்திரமெல்லாம் மனப்பாடம், அதை எங்கே போடுவது என்பது மட்டும் தெரியாது, அவன்தான் வீட்டைக் கொளுத்துகிறவன். இருபது வயதில் நான் அந்த நடு ஆசாமியாக இருந்தேன். ஆனால் நான் வீட்டைக் கொளுத்தவில்லை. ஒரே ஒரு கோட்டைத்தான் கொளுத்தினேன். (மச்சானைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்.)

ரப்பர் விலை விழுந்து கிடந்த காலம் அது. மலாயாவில் காஹாங் பக்கத்தில் எங்கள் தோட்டத்தில் பாதி மரங்களைச் சீவாமலே விட்டுவிட்டார்கள். பெரட்டுக் களத்தில் காலையில் பெயர் கூப்பிடும்போது ஆட்களைவிடக் காக்கைகள் அதிகமாக நின்றன. வேலை இல்லாத குடும்பங்களைக் கப்பலேற்றி இந்தியாவுக்குத் திருப்பி அனுப்புவதற்குத் தோட்டத்து ஆபீசில் பட்டியல் எழுதினார்கள். அதில் என் அப்பா பெயரும் அம்மா பெயரும் இருந்தன. அம்மா எட்டு வயதில் கப்பலில் வந்தவள். அவளுக்கு அந்த ஊரில் தெரிந்த முகம் ஒன்றுகூடக் கிடையாது.

"அங்க போயி யாரு வீட்டு வாசல்லடா நிப்பேன்?" என்று என்னைத்தான் கேட்டாள். அப்பா வெற்றிலைப் பெட்டியைத் திறந்து, ஒன்றும் எடுக்காமல் மூடினார்.

அந்த நேரத்தில்தான் ஜொகூர் பாருவில் மின்சார ஆபீசுக்கு ஒரு உதவியாள் வேண்டும் என்று செய்தி வந்தது. வேலை கிடைத்தால் தங்குவதற்கு ஓர் அறையும் உண்டு. அறை இருந்தால் அப்பா அம்மாவை என்னோடு வைத்துக்கொள்ளலாம், பட்டியலில் அவர்கள் பெயரை அடித்துவிடலாம். இவ்வளவும் அந்த ஒரு நேர்முகத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. எழுதிப் போட்டேன், வரச் சொல்லிவிட்டார்கள்.

என்னைக் கேட்டால், அந்த வேலைக்கு என்னைவிடத் தகுதியானவன் மலாயாவிலேயே இல்லை. ரப்பர் ஆலையின் இயந்திர அறையில் இரண்டு வருஷம் டைனமோவுக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறேன். (தொட விடமாட்டார்கள். நின்றிருக்கிறேன்.) குளுவாங்கில் பழைய சாமான் விற்கும் சீனர் கடையில் மின்சாரப் புத்தகம் ஒன்று வாங்கி, அட்டை முதல் அட்டை வரை உருப்போட்டிருந்தேன். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் தடை. வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட், அதாவது சக்தி. நாங்கள் குடியிருந்த லயத்தில் யாருக்காவது விளங்கவில்லையென்றால் நான் தோட்டத்துப் பாஷையில் சொல்லிக் கொடுப்பேன். கங்காணி போடுகிற சத்தம் இருக்கிறதே, அது வோல்ட். அந்தச் சத்தத்துக்கு நடக்கிற ஆட்கள் ஆம்பியர். வழியில் கிடக்கிற சேறு தடை. சத்தம் கூடினால் ஆள் கூட நடக்கும், சேறு கூடினால் ஆள் குறைவாக நடக்கும். கேட்டவர்கள் வாயைப் பிளந்தார்கள். என் தலை கூரையில் இடித்தது.

இப்போது இஸ்திரிப் பெட்டிக்கு வருகிறேன்.

அம்மா பல வருஷம் துரை பங்களாவில் துணி தேய்க்கும் வேலை பார்த்தாள். விலை விழுந்ததும் துரைசாணி சீமைக்குப் புறப்பட்டபோது, தன்னுடைய மின்சார இஸ்திரிப் பெட்டியை அம்மாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனாள். எங்கள் லயத்தில் மண்ணெண்ணெய் விளக்குதான். ஆகவே அந்தப் பெட்டி தகர டிரங்குக்குள் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் மரியாதையாக உட்கார்ந்திருந்தது. அதன் தகட்டில் நூற்றுப்பத்து வோல்ட், நான்கு ஆம்பியர், நானூற்று நாற்பது வாட் என்று பொறித்திருந்தது. தோட்டத்து டைனமோ தருவது நூற்றுப்பத்து வோல்ட். ஜொகூர் பாருவிலோ இருநூற்று இருபது.

இது எனக்குத் தெரியும்! தெரிந்துதான் பெட்டியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டேன். மின்சார ஆபீசுக்குப் போகிறவன் மின்சாரத்தால் தேய்த்த கோட்டோடு போவதுதான் முறை என்று தோன்றியது.

"பட்டணத்துக் கரண்டு வேற மாதிரியாம்லடா?" என்றாள் அம்மா.

"நான் கணக்குப் போட்டுட்டேன்மா."

"கணக்கு இருக்கட்டும். ஒரு வெத்தல போடுற நேரம் சூடாக விடு. அப்புறம் ரெண்டு சொட்டுத் தண்ணி தெளிச்சுப் பாரு. மொதல்ல ஒரு கந்தல்ல தேச்சுட்டு அப்புறம் நல்ல துணியில வையி."

"கணக்கு இருக்கும்போது தண்ணி எதுக்கு?" என்று சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே ஒரு அறை விடலாம் போல இருக்கிறது.

என் கணக்கு இதுதான். தகட்டில் நானூற்று நாற்பது வாட் என்று வெட்டி வைத்திருக்கிறான். இரும்பில் வெட்டியது மாறுமா? மாறாது. வாட் மாறாதென்றால், வோல்ட் இரண்டு மடங்கானால் ஆம்பியர் பாதியாக வேண்டும். நானூற்று நாற்பதை இருநூற்று இருபதால் வகுத்தால் இரண்டு. தோட்டத்தில் நான்கு ஆம்பியர் ஓடிய இடத்தில் பட்டணத்தில் இரண்டுதான் ஓடும். ஆக, பட்டணம்தான் தோட்டத்தைவிடப் பத்திரம். ரயிலில் குளுவாங்கிலிருந்து ஜொகூர் பாரு போகிற வரைக்கும் இதை நான்கு தடவை போட்டுப் பார்த்தேன். நான்கு தடவையும் விடை இரண்டுதான் வந்தது. (தப்பான கணக்கின் விசேஷமே அதுதான், ஒரு தடவைகூட மாறாது.)

ஜொகூர் பாருவில் என் அக்கா ராஜம்மா, அரசாங்கக் குவார்ட்டர்ஸில் இருந்தாள். ஐந்து வீடுகள் ஒட்டிய வரிசை. அவள் வீட்டுக்காரர், என் மச்சான், சுங்கத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா. அவரிடம் கழுத்துவரை பொத்தான் போடுகிற வெள்ளை டிரில் கோட்டு ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில் கிராணிகள் எல்லாம் போடுகிற கோட்டுதான், ஆனால் இது அவருடைய கல்யாணக் கோட்டு. கற்பூரம் போட்டு வைத்திருந்தார். அதை என்னிடம் கொடுத்தபோது குழந்தையைக் கொடுப்பது போல இரண்டு கையாலும் கொடுத்தார்.

"சின்னையா, கறை படாம கொண்டாந்துருவியா?"

"ஒரு சொட்டுக் கறைகூடப் படாது மச்சான்."

அந்த வாக்கை நான் காப்பாற்றினேன். கறை படவில்லை.

மறுநாள் காலை மச்சான் வேலைக்குப் போனதும் மேசைமேல் கம்பளியை விரித்தேன். அப்போதெல்லாம் வீட்டுச் சுவரில் செருகுவதற்கு இடம் இருக்காது. தொங்குகிற விளக்கின் பல்பைக் கழற்றிவிட்டு அங்கேதான் பெட்டியின் மின்கயிற்றை மாட்ட வேண்டும். மாட்டினேன். ஒன்று, இரண்டு என்று எண்ணுவதற்குள் வாசல் பக்கம் டிக் என்று ஒரு சத்தம். பியூஸ் போய்விட்டது.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். பியூஸ் என்பது மெல்லிய கம்பி. அளவுக்கு மீறி ஆம்பியர் ஓடினால் தன்னை எரித்துக்கொண்டு வீட்டைக் காப்பாற்றும். அந்தப் பியூஸ் மூன்று ஆம்பியர் தாங்குவது. புத்தி உள்ளவன் என்ன நினைப்பான்? 'அடடா, மூன்றுக்கு மேல் ஓடியிருக்கிறதே, என் கணக்கில் எங்கோ உதைக்கிறதே' என்று நினைப்பான். நான் என்ன நினைத்தேன்? 'இரண்டு ஆம்பியர்தான் ஓடுகிறது. இரண்டுக்கு இந்தக் கம்பி போகவே கூடாது. ஆகவே கம்பி பழசு.' பழைய மின்கயிறு ஒன்றைப் பிரித்து, அதிலிருந்து செப்புக் கம்பியை நாலு இழை முறுக்கிப் பியூஸில் கட்டினேன். என்னை வாயைத் திறந்து எச்சரித்தது இரண்டே இரண்டு. ஒன்று என் அம்மா, இன்னொன்று அந்தப் பியூஸ். இரண்டு பேர் வாயையும் அடைத்தாயிற்று.

பிறகு அம்மா சொன்னபடியே ஒரு வெற்றிலை போடுகிற நேரம் காத்திருந்தேன். (அவள் சொன்னதில் இதை மட்டும் கேட்டேன், அதுவும் தப்பாகப் போயிற்று.) தண்ணீர் தெளிக்கவில்லை. கந்தலும் தேடவில்லை. கோட்டின் முதுகுப் பக்கத்தை நீவி விட்டு, பெட்டியை நடுவில் வைத்தேன்.

சொய்ங் என்று ஒரு சத்தம் வந்தது, தோசைக் கல்லில் தண்ணீர் விட்டது போல. தூக்கினேன். பெட்டி வந்தது, கோட்டும் கூடவே வந்தது. உதறினேன். கோட்டு விழுந்தது, ஆனால் முதுகுத் துணி பெட்டியோடு தங்கிவிட்டது. அதே வேளையில் மேலே தொங்கிய கயிறு புகைந்து, இரண்டு கம்பியும் ஒட்டி, பட்டாசு போல ஒரு வெடி. நம் செப்பு முறுக்கு அசையவில்லை, கல் மாதிரி நின்றது. அதற்குப் பதிலாகத் தெருவில் இருந்த பெரிய பியூஸ் போனது. ஐந்து வீட்டுக்கும் மின்சாரம் நின்றது.

பக்கத்து வீட்டிலிருந்து மலாய்க்கார அம்மாள் ஒருவர் "அலமாக்!" என்று கத்தியது கேட்டது. அக்கா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள்.

"என்னடா புகை? ஐயோ, கோட்டு! அவரு கல்யாணக் கோட்டுடா!"

நடு முதுகில் இஸ்திரிப் பெட்டியின் அச்சு அப்படியே இருந்தது. கூர்முனை கழுத்தைப் பார்த்து, ஓரமெல்லாம் கறுத்து, நடுவில் ஓட்டை. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். பத்து மணிக்கு நேர்முகம். கோட்டு இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். கண் முன்னால் பினாங்குத் துறைமுகம் வந்தது. கப்பலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அம்மா நிற்கிறாள். நான் அழுதேன். இதில் மறைக்க ஒன்றும் இல்லை.

அக்கா அழவில்லை. "முன்னால நல்லாத்தானே இருக்கு? முதுகத் திருப்பாம பேசிட்டு வா" என்றாள். தைக்க நேரமில்லை. கெட்டிக் கஞ்சியைத் தடவி, ஒரு வெள்ளைக் கைக்குட்டையை ஓட்டை மேல் ஒட்டிக் கையால் அழுத்தினாள். ஊதி ஊதிக் காய வைத்தாள்.

மின்சார ஆபீசுக்கு நான் நடந்து போன அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சுவர் ஓரமாகவே போனேன். எதிரே யாராவது வந்து கடந்தால் நின்று, அவர்களோடு சேர்ந்து நானும் திரும்பினேன். ஒரு ரிக்‌ஷாக்காரர் நான் அவரைச் சுற்றி நடனமாடுகிறேன் என்று நினைத்து அவரும் நின்றுவிட்டார். வெயிலில் முதுகு வேர்த்தது. வேர்வைக்கும் கஞ்சிக்கும் ஆகாது என்பது எந்த வண்ணானுக்கும் தெரியும். எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

உள்ளே இரண்டு பேர். மேசைக்குப் பின்னால் இஞ்சினியர் துரை, செம்பட்டை மீசை. பக்கத்தில் பெரிய கிராணி, யாழ்ப்பாணத்துக்காரர், மூக்குக் கண்ணாடி; துரை கேட்பதைத் தமிழில் சொல்பவர் அவர்தான். நான் நண்டு போல நுழைந்து, முதுகைக் கதவோடு சேர்த்து நின்றேன்.

"என்ன காணும், ஏன் கதவைத் தாங்கிக்கொண்டு நிக்கிறீர்? கிட்ட வாரும்" என்றார் பெரிய கிராணி.

கிட்டப் போனேன். கேள்விகள் நன்றாகவே போயின. டைனமோ பற்றிக் கேட்டார்கள், சொன்னேன். எனக்கே நம்பிக்கை வர ஆரம்பித்தது. அப்போது துரை, இருநூற்று இருபது வோல்ட்டில் அரை ஆம்பியர் எடுக்கும் விளக்குக்குத் தடை எவ்வளவு, சக்தி எவ்வளவு என்று கேட்டார். நானூற்று நாற்பது ஓம், நூற்றுப்பத்து வாட் என்று வாய் திறக்கப் போனேன். துரை கையை நீட்டினார். எனக்குப் பின்னால் கரும்பலகை.

பலகையில் எழுதிக் காட்ட வேண்டுமாம்.

முகத்தை அவர்கள் பக்கம் வைத்துக்கொண்டு, கையைப் பின்னால் விட்டுக் குருட்டாம்போக்கில் எழுதிப் பார்த்தேன். சுண்ணாம்புக் கட்டி கீச்சென்று அலறியது. துரை கிராணியைப் பார்த்தார். கிராணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னார்:

"தம்பி, கொஞ்சம் திரும்பி நில்லும்."

வேறு வழியில்லை. திரும்பினேன். சரியான விடையை எழுதிக்கொண்டிருக்கும்போதே முதுகில் ஏதோ உரிந்து சில்லென்று காற்றுப் பட்டது. கைக்குட்டை ஒரு மூலையில் மட்டும் ஒட்டிக்கொண்டு கொடி போலத் தொங்கியது. பிறகு துரை சிரித்தார். சிரிப்பு என்றால் சாதாரணச் சிரிப்பா? மேசைமேல் இருந்த மைக்கூடு ஆடியது.

"என்ன காணும் இது?" என்றார் கிராணி.

"இஸ்திரிப் பெட்டிங்க ஐயா."

"எத்தனை வோல்ட்?" இதைக் கேட்டது துரை. சிரிப்பை நிறுத்திவிட்டிருந்தார்.

நூற்றுப்பத்து, நான்கு ஆம்பியர் என்றேன். ஊர் மின்சாரத்தில் மாட்டினேன் என்றும் சொன்னேன். துரை விரலால் பலகையைச் சுட்டினார். முதலில் அதன் தடையைக் கண்டுபிடி என்றார்.

நூற்றுப்பத்தை நான்கால் வகுத்தேன். இருபத்தேழரை ஓம். எழுதிவிட்டு அதைப் பார்த்தேன். அதுவரைக்கும் அந்தப் பெட்டியின் தடையை நான் கண்டுபிடிக்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வாட்டைப் பிடித்துக்கொண்டு தொங்கினேனே தவிர, தடையை நினைக்கவில்லை. பெட்டிக்குள் இருக்கிற கம்பி தோட்டத்திலும் அதே கம்பி, பட்டணத்திலும் அதே கம்பி. மாறாதது அதுதான். இருநூற்று இருபதை இருபத்தேழரையால் வகுத்தேன். எட்டு ஆம்பியர்! இரண்டு அல்ல, எட்டு. பெருக்கினேன். ஆயிரத்து எழுநூற்று அறுபது வாட். தகட்டில் இருந்ததைப்போல் நான்கு மடங்கு.

கங்காணி இரண்டு மடங்கு கத்தினால் ஆட்கள் பாதியாகக் குறைவார்கள் என்று நான் கணக்குப் போட்டிருக்கிறேன். சேறு அதே சேறுதானே? ஆட்கள் இரண்டு மடங்கு அல்லவா ஓடுவார்கள்? லயம் முழுக்க இதைச் சொல்லிக் கொடுத்த மகா பண்டிதன் நான். சுண்ணாம்புக் கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, பலகையில் விடையும் முதுகில் விளக்கமுமாக நின்றேன்.

"பியூஸ் போயிருக்குமே?" என்றார் துரை.

இந்த இடத்தில் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். 'போயிற்று, உடனே நிறுத்திவிட்டேன்' என்று சொன்னால் முடிந்தது. வாய் வரை வந்தது. ஆனால் அன்றைக்கு என்னுடைய புத்திசாலித்தனத்தின் மேல் எனக்கு மிச்சம் நம்பிக்கை எதுவும் இல்லை. பொய்யையும் தப்பாகச் சொல்லித் தொலைப்பேன் என்று பயம்.

"போச்சுங்க. நான் செப்புக் கம்பிய முறுக்கிக் கட்டிட்டேன். அப்புறம் அஞ்சு வீட்டுக்கும் போயிருச்சு" என்றேன்.

கிராணி அதை ஆங்கிலத்தில் சொன்னார். துரையின் மீசை அசையவில்லை. மைக்கூட்டின் கீழிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்தார். ஐந்து வீட்டில் மின்சாரம் இல்லை என்று காலையிலேயே வந்த புகார். அந்தச் செப்புக் கம்பியால் வீடு எரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மெதுவாகக் கேட்டார். கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அம்மா அப்பா பெயர் பட்டியலில் இருக்கிறது, அது அடிபடப் போவதில்லை என்று தெரிந்துவிட்டது. நன்றி சொல்லிவிட்டு வாசலுக்கு நடந்தேன். இந்தத் தடவை முதுகை மறைக்கவில்லை.

இரண்டு பேரும் என்னவோ பேசிக்கொண்டார்கள். பிறகு கிராணி கூப்பிட்டார்.

"நில்லும் காணும். துரை சொல்லுறார், அந்த அஞ்சு வீட்டையும் நீர்தான் போய்ச் சரி பண்ண வேணுமாம். எங்கட ஆள் ஒருவர் கூட வருவார். பின்னேரத்துக்குள்ள ஒழுங்காச் செய்து, அஞ்சு வீட்டுக்காரருக்கும் நடந்ததை நீரே வாயால சொன்னீர் எண்டால், ஒரு மாசம் வைச்சுப் பாப்பாராம்."

எனக்கு விளங்கவில்லை. "வேலைங்களா ஐயா?"

"வேலைதான். கோட்டைக் கழட்டிப்போட்டுப் போம்."

ஆபீஸ் ஆள் பின்னால் வர, ஏணியும் கம்பிச் சுருளுமாகக் குவார்ட்டர்ஸுக்குப் போனேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திருந்த மச்சான் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். அக்கா அவரிடம் மின்சாரம் போனதை மட்டும் சொல்லியிருக்கிறாள், கோட்டைச் சொல்லவில்லை.

"வாங்க, வாங்க! பியூஸத் தொறந்து பாத்தேன், எவனோ மடப்பய தடிக் கம்பியப் போட்டு வச்சிருக்கான் லா..." என்று ஏணியைப் பார்த்துப் பேச ஆரம்பித்தவர், ஏணிக்குப் பின்னால் இருந்த என் முகத்தைப் பார்த்தார். "நீயாடா?"

"ஆமாம் மச்சான். மின்சார ஆபீஸிலேருந்து வர்றேன். அந்த மடப்பயலும் நான்தான்."

பிறகு கோட்டைக் கொடுத்தேன். முன்பக்கமாகத்தான் கொடுத்தேன். அவர் வாங்கித் திருப்பிப் பார்த்தார். ஓட்டைக்குள் கையை விட்டு ஐந்து விரலையும் ஆட்டினார். அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் அதையே கொஞ்ச நேரம் செய்துகொண்டிருந்தார். கடைசியில் "கறை படலடா" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக நான் ஆயுள் முழுக்க அவர் வீட்டுப் பியூஸை இலவசமாகக் கட்டிக் கொடுத்தேன்.

அன்று சாயங்காலத்துக்குள் ஐந்து வீட்டிலும் விளக்கு எரிந்தது, ஐந்து வாசலிலும் நடந்ததை நானே சொல்லியாயிற்று. பட்டியலில் பெயரை அடித்தார்கள். அடுத்த மாதம் அப்பாவும் அம்மாவும் தகர டிரங்கோடு ஜொகூர் பாரு ஸ்டேஷனில் வந்து இறங்கினார்கள். மச்சான் எனக்கே கொடுத்துவிட்ட கோட்டைத்தான் போட்டுக்கொண்டு போயிருந்தேன், முதுகில் அக்கா ஒழுங்காகத் தைத்த ஒட்டோடு. டிரங்கைத் தூக்கக் குனிந்தபோது அம்மா அந்த ஒட்டின் மேல் கையை வைத்தாள்.

"ஒனக்குச் சுட்டுச்சாடா?"

அத்தனை பேரும் கோட்டைப் பற்றித்தான் கேட்டார்கள். இவள் ஒருத்திதான் என்னைக் கேட்டாள். போட்டுக்கொண்டே தேய்த்தேன் என்று நினைத்துவிட்டாள்! இல்லையம்மா, கோட்டு மேசைமேல் இருந்தது என்றேன். "அப்ப சரி" என்றாள். இரண்டு அடி நடந்துவிட்டுத் திரும்பி, "தண்ணி தெளிச்சியா?" என்று கேட்டாள். நான் டிரங்கைத் தோளில் ஏற்றிக்கொண்டு வேகமாக நடந்தேன்.

அந்த ஒரு மாதம் வளர்ந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. எத்தனையோ பேருக்கு நான் கணக்குச் சரிபார்த்திருக்கிறேன். ஆனால் என் வீட்டில் அந்தப் பெருமையெல்லாம் செல்லாது. யாராவது "எல்லாம் எனக்குத் தெரியும்" என்று ஆரம்பித்தால் போதும். சமையலறையிலிருந்து என் மனைவி, கூடத்திலிருந்து மகள், அவளுடைய பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள், எல்லோரும் மூக்கில் இல்லாத கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, பெரிய கிராணியின் யாழ்ப்பாணக் குரலில் சொல்வார்கள்: "தம்பி, கொஞ்சம் திரும்பி நில்லும்."

போன வாரம் புதிதாக வாங்கிய மின்சாரக் கெண்டியின் தகட்டைப் படித்துவிட்டு, இதற்கு எத்தனை ஆம்பியர் என்று நான் சத்தமாகச் சொல்ல ஆரம்பித்தேன். ஆறு வயதுப் பேத்தி நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கிராணியின் அந்த வாக்கியத்தைச் சொன்னாள். நான் எழுந்து திரும்பி நின்றேன். முதுகில் ஒன்றும் இல்லை, வெறும் பனியன்தான். இருந்தாலும் அவள் எழுந்து வந்து நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் போனாள்.